அடுப்படிக் கொசுவலை

கொசுவலையின் நாலாவது முடிச்சு மட்டும் அவிழ மறுத்தது. ஒவிட்டி கட்டில்மேல் ஏறி நின்று நைலான் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தான். உதடு எரிந்ததுதான் மிச்சம்.

"கத்தி எடுத்தாரவா?" வாசலில் நின்ற அவன் மனைவி பெரில் கேட்டாள்.

"வெட்டினா மாரிட்டுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்னவாம்? வீட்டுல சாவு விழுந்திருக்கு. உங்க அத்தை வர்ற பஸ்ஸு மத்தியானம் வந்துரும். அதுக்குள்ள மாமாவை இங்க கொண்டாந்து கிடத்தணும்னு நீங்கதானே குதிச்சீங்க? இப்ப முடிச்சு அவிழ்த்துக்கிட்டு நிக்கிறீங்க."

அவள் சொன்னது சரிதான். பின்பக்கத்து அடுப்படிக் குடிசையில் அவன் அப்பா ஒடேரா, சாக்கு விரிப்பின்மேல், கால்களை மடக்கியபடியே விறைத்துக் கிடந்தார். நெடிய மனிதர். அந்தக் குடிசையில் கால் நீட்டினால் பாதம் கதவுக்கு வெளியே போய்விடும். விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கப் போன பெரில்தான் முதலில் பார்த்தாள்.

ஆண்பிள்ளை ஒருவன் அடுப்படியில் செத்தான் என்ற பேச்சு ஏரிக்கரை முழுக்கப் போவதற்கு ஒரு பொழுது போதும். செத்தவன் சொந்த வீட்டுக்குள், சொந்தக் கட்டிலில் கிடக்க வேண்டும். ஒடேராவுக்குச் சொந்த வீடு இல்லாமல் இல்லை. தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் போட்டு, செத்துப்போன மனைவிக்காக அவர் கட்டிய வீடு அது. அந்த வீட்டில்தான் இப்போது மாரிட்டின் துணிகள் தொங்கின, மாரிட்டின் சோப்பு வாசம் அடித்தது.

நார்வேயிலிருந்து ஒரு பெண் சம்பளமில்லாமல் பாடம் நடத்த வருகிறாள், பூட்டுப் போட்ட அறையும் சிமெண்டுத் தரையும் உள்ள வீடாக யார் தருவது என்று ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் கேட்டபோது, முதலில் கை தூக்கியது ஒவிட்டிதான். அவனுடைய வீடு மண்தரை. நாலு பிள்ளைகள் வேறு. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய்ச் சொன்னான். அவர் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே, "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்ப்பா."

கல்யாணமான மகன் வீட்டில் தகப்பன் படுக்கக் கூடாது. அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்படி ஒன்றுதான் பாக்கி. அவர் தன் போர்வையைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நாள் நீண்டு, மழைக்காலம் வந்தது, கூடவே அவருக்கு இருமலும் வந்தது.

மாரிட் நல்ல பெண். வந்த புதிதில் தலையில் தண்ணீர்க் குடம் வைத்துப் பாதியைத் தோளில் கொட்டிக்கொண்டு நடந்தாள். ஒமேனா மீனின் சின்னஞ்சிறு தலைகளைக் கிள்ளி ஓரமாக வைத்தவள், பிறகு கண்ணோடு மென்றாள். களையெடுப்புக் காலத்தில் வந்தவள் என்பதால் ஊர் அவளுக்கு அடோயோ என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த ராசியோ என்னவோ, களையெடுக்கப் போய் ராகிப் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புல்லை அழகாக வரிசையில் விட்டுவைத்தாள். அதைக் கேட்டு ஊரிலேயே அதிகமாகச் சிரித்தவர் ஒடேராதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுவார். உள்ளே வரமாட்டார். பெட்டியில் இருக்கும் கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார். திரும்பி வந்ததும் மறுபடி தட்டி, மடித்துக் கொடுப்பார்.

ஒருநாள் மாரிட் கேட்டாள்: "பெரியவர் ஏன் அடுப்படியில படுக்கிறார்?"

"எங்க பக்கம் அப்படித்தான்," என்றான் ஒவிட்டி, பரீட்சைத்தாளைத் திருத்திக்கொண்டே. "வயசாயிட்டா அடுப்புக் கதகதப்பை விட்டு வரமாட்டாங்க. பழக்கம்."

தன் தலையில் அந்த நிமிஷம் பிறந்த பழக்கம் அது. சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை.

கடைசியில் முடிச்சைப் பெரில்தான் ஊசியால் குத்தி அவிழ்த்தாள். அவளும் அவனும் பக்கத்து வீட்டுக்காரர் ஒச்சுக்காவும் சேர்ந்து அப்பாவைத் தூக்கிவந்தார்கள். ஒச்சுக்கா சாக்கு விரிப்பைப் பார்த்தார், கரி படிந்த சுவரைப் பார்த்தார். வழி நெடுகத் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். மடங்கிய முழங்கால்களை நிமிர்த்தப் பெரில் நெடுநேரம் தேய்த்தாள். அதற்குள் பள்ளிக்கூடத்தில் செய்தி சொல்லப் போன மாரிட் திரும்பிவிட்டாள். வாழை மரத்தடியில் குவிந்திருந்த தன் சாமான்களைப் பார்த்தும் அவள் முகம் மாறவில்லை.

"நல்லதுதான். நிறையப் பேர் வருவாங்க. பெரிய அறைதானே வசதி," என்றாள். அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

பெனினா அத்தை பஸ் நிறுத்தத்திலிருந்தே அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "என் காளையே! ஏரியை நீந்தின காளையே! தங்கச்சிகிட்டச் சொல்லாமக் கிளம்பிட்டியே!" முற்றத்தை ஒருமுறை சுற்றி ஓடி, வீட்டுக்குள் புகுந்து அண்ணன் மார்பில் முகத்தைப் புதைத்தாள். கூடவே வந்த பெண்களின் அழுகையில் தகரக் கூரை அதிர்ந்தது.

திடீரென்று அத்தை அழுகையை நிறுத்தினாள். முகத்தைத் தூக்கி, மறுபடி குனிந்து மோந்தாள்.

"டேய் ஒவிட்டி. என் அண்ணன் மேல ஏன்டா இப்படிப் புகை நாத்தம் அடிக்குது?"

"குளிருக்கு... நெருப்பு மூட்டி..."

"தலைமுடிக்குள்ளகூடக் கரி. என்ன நெருப்புடா அது?"

ஒவிட்டி தடுமாறுவதைப் பார்த்து, துக்கத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று எண்ணி, மாரிட் முன்னால் வந்தாள். கற்றுக்கொண்ட மொழியில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"அத்தை, அவர் அடுப்படியிலதான் படுப்பார். உங்க பழக்கப்படி. வயசானவங்க எல்லாரும் படுக்கிற மாதிரி."

அத்தை எழுந்து நின்றாள்.

"எந்த ஊர்ப் பழக்கம்?" என்றாள் அத்தை. "ஆம்பள அடுப்படியில படுப்பானா? அவன் என்ன பூனையா? யார் சொன்னது உனக்கு?"

மாரிட் ஒவிட்டியைப் பார்த்தாள். ஒவிட்டி வாசலில் நின்ற கோழியைப் பார்த்தான். அது ஒற்றைக் காலைத் தூக்கி, எங்கே வைப்பது என்று யோசிப்பதுபோல் நின்றது. அவன் நிமிரவில்லை. அவள் பார்வை தன்னை விட்டுக் கட்டிலுக்குப் போவதும், கோட்டு இருக்கும் பெட்டிக்குப் போவதும், அங்கிருந்து தன்னிடமே திரும்புவதும் தலை நிமிராமலே தெரிந்தது.

"யாரும் சொல்லல," என்றாள் மாரிட். "அவர் பகல்ல அங்க உக்காந்திருப்பார். நானாத்தான் அப்படி நினைச்சுக்கிட்டேன். எனக்கு உங்க வழக்கமெல்லாம் இன்னும் பிடிபடல. மன்னிச்சிருங்க."

ஒச்சுக்காவின் மனைவி, "ராகியைப் புடுங்கின மகராசிதானே இவ!" என்றதும், சாவு வீட்டிலும் ஒரு சிரிப்பு கிளம்பியது. "புல்லை வளர்த்தவடி!" என்றாள் இன்னொருத்தி. மாரிட்டும் சிரித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள்.

ஒவிட்டிக்கும் உதடு விரிந்தது. விரிந்த பிறகுதான் தானும் சிரிப்பது அவனுக்கு உறைத்தது. கயிறு கீறிய இடத்தில் ரத்தம் கசிந்தது.

மறுநாள் வீட்டுக்கு முன்னால் புதைத்தார்கள். போதகர், நல்ல மகனைப் பெற்றவர், விருந்தினரை மதித்தவர் என்று ஒடேராவைப் புகழ்ந்தார். மண் தள்ளும்போது ஒவிட்டி எல்லோரையும்விட வேகமாகத் தள்ளினான்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் வாழை மரத்தடிக்குப் போனான். சாமான்கள் அங்கே இல்லை. அடுப்படிக் குடிசையில் சத்தம் கேட்டது. மாரிட் கல்லொன்றை எடுத்து மூங்கிலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். சாக்கு விரிப்பைத் தட்டி, அதே இடத்தில் போட்டிருந்தாள்.

"இங்க எதுக்கு? நான் உள்ள கொண்டுபோய் வைக்கிறேன்."

"உள்ள அத்தை இருக்காங்க. அவங்க போனாலும் பரவாயில்ல, அது பெரியவர் வீடு." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எனக்கு இது போதும். கதகதப்பா இருக்கும்."

"மாரிட், நான்..."

"கொசுவலையோட அந்த மூலை எனக்கு எட்டல. அதை மட்டும் கட்டிக் குடுங்க."

அவன் குனிந்து உள்ளே நுழைந்தான். கயிற்றை மூங்கிலில் சுற்றினான். பெரில் வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, இராத்திரிச் சாப்பாட்டுக்கு உகாலிக் களி கிண்ட அடுப்பைப் பற்றவைத்தாள். விறகு ஈரம். புகை எழுந்து வெள்ளை வலைக்குள் மெதுவாக நிறைந்தது.

வலைக்குள் உட்கார்ந்திருந்த மாரிட் ஒருமுறை இருமினாள்.

ஒவிட்டியின் கை முடிச்சிலேயே நின்றது. அடுத்த இருமலுக்காக அவன் காத்திருந்தான்.