இன்னும் ஒரு இறுக்கு

பானெட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது.

மெல்லிய, நீலம் பாய்ந்த புகை. கூடவே கருகிய எண்ணெய் நாற்றம். காலையில் வீட்டு வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றிக்கொண்டிருந்த றூபினி எஞ்சினை அணைத்தாள். மத்தியானம் அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். புகைகிற காரில் பரீட்சகர் ஏற மாட்டார். இன்றைய தேதி தவறினால் அடுத்தது எந்த மாதமோ. அதற்குள் அவள் பாஸ் பண்ணி வைத்திருக்கும் எழுத்துப் பரீட்சை காலாவதியாகிவிடும். பிறகு எல்லாம் முதலிலிருந்து.

கதவடியில் அவள் கணவர் தர்மலிங்கம் நின்றார். கையில் தேத்தண்ணீர், முகத்தில் நிம்மதி. அதை மறைக்க அவர் பெரிதாகச் சிரமப்படவில்லை.

"டெஸ்டை விடும். உமக்கு எங்கை போகவேணும் எண்டாலும் நான் கொண்டுபோய் விடுறன்தானே."

அதுதான் தொல்லை. லண்டனில் மோர்டனுக்குக் குடிவந்த நாள் முதல் அவர் கொண்டுபோய் விட்டுக்கொண்டேதான் இருந்தார். கடைக்கு, கோயிலுக்கு, அவள் தங்கை வீட்டுக்கு. கொஞ்ச நேரத்தில் வெளியே ஹோர்ன் அடிப்பார். தங்கை பேசிக்கொண்டிருக்கும்போதே றூபினி செருப்பைத் தேடுவாள்.

அவள் பானெட்டைத் திறந்தாள்.

எஞ்சினின் தலைமேல் ஒரு மூடி உண்டு. டப்பட் கவர் என்பார்கள். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே எண்ணெய் வெளியே வராமல் தடுக்க ஒரு ரப்பர் கேஸ்கட். காருக்குப் பதினெட்டு வயது. ரப்பருக்கும் அதே வயது. அங்கிருந்து கசிந்த எண்ணெய், கீழே கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது.

போன மாதமும் இதே கசிவுதான். தர்மலிங்கம் காரைத் துஷாந்தனின் கராஜுக்குக் கொண்டுபோனார். துஷாந்தன் எங்கட ஆள், ஊர்ச் சொந்தம், வேறு கராஜுக்குப் போனால் அவனுக்கு மனம் நோகும் என்றார். புதுக் கேஸ்கட் போட்டாயிற்று என்று சொல்லி அவனும் காரைத் திருப்பித் தந்தான். அவன் சொன்னதை றூபினி நம்பவில்லை. அந்த வாரமே எப்படி மாற்றுவது என்று யூடியூப்பில் பார்க்கத் தொடங்கினாள். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது ஒருத்திக்குச் சொன்னாள். இசபெல் இரண்டு வீடு தள்ளி இருக்கும் தமிழ்ப் பெண். டபுள் டெக்கர் பஸ் ஓட்டுகிறவள். காலை ஷிப்ட் முடிந்து வரும் வழியில், உதிரிப்பாகக் கடையில் கேஸ்கட்டும் ஒரு சின்ன டியூப் சிலிக்கன் பசையும் வாங்கி வரச் சொன்னாள்.

இசபெல் யூனிஃபோர்ம் மாற்றாமலே வந்தாள். அதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. குழாயையும் வயர்களையும் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டாள் றூபினி. போல்ட்களைக் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

பழைய கேஸ்கட் அப்படியே இருந்தது. காய்ந்து, தொட்ட இடமெல்லாம் பொடிந்தது. அதன் விளிம்பைச் சுற்றிச் சிவப்புச் சிலிக்கன், தாராளமாக.

இசபெல் குனிந்து பார்த்தாள். "கேக்குக்கு ஐசிங் வடிவாத்தான் போட்டிருக்கிறான். மெழுகுதிரி மட்டும் இல்லை."

தர்மலிங்கம் எட்டிப் பார்த்தார். பார்த்தது அவருக்கும் விளங்கியது. ஆனாலும் உள்ளே போய்த் துஷாந்தனுக்குத்தான் போன் போட்டார்.

றூபினி சுரண்டினாள். பழைய வங்கி அட்டையால், அலுமினியத்தில் கீறல் விழாமல், மூலை மூலையாக. துடைத்தாள். புதுக் கேஸ்கட்டை மூடியின் பள்ளத்தில் விரலால் அழுத்திப் பதித்தாள். இரண்டு மூலைகளில் மட்டும் சிலிக்கன், ஒவ்வொரு பொட்டு. மூடி இறங்கியது. போல்ட்கள் சுண்டு விரலை விடச் சின்னவை. நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். கேஸ்கட் அமர்ந்ததும் நிறுத்தினாள். அதற்குமேல் முடுக்கினால் ரப்பர் பிதுங்கும். இல்லையேல் போல்ட் முறியும். முறிந்தால் டெஸ்டும் இல்லை, காரும் இல்லை.

சிலிக்கன் காயும்வரை காத்திருந்தபோது துஷாந்தனின் வான் வந்து நின்றது. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பானர். அக்காவுக்கு ஏன் இந்தக் கரைச்சல், திங்கட்கிழமை கராஜில் வைத்துப் பார்த்துத் தாறன் என்று சிரித்தான். அவள் காருக்குள் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் பிடித்தது. சீரான சத்தம்.

ஒரு நிமிடம். இரண்டு.

மறுபடியும் புகை.

தர்மலிங்கம் இடுப்பில் கை வைத்தார். துஷாந்தன் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு பானெட்டுக்குள் குனிந்தான். "கோவிக்காதேங்கோ அக்கா. பொம்பிளையளின்ர கைப்பலம் காணாது. இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினால் சரி."

ஸ்பானர் போல்ட்டின் தலையில் உட்கார்ந்தது.

றூபினி இறங்கி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "கையை எடு."

"அக்கா, புகையுது."

"போன மாசம் நீ ஒழுகவிட்ட எண்ணெய் எரியுது. எரிஞ்சு முடியட்டும்."

சொல்லிவிட்டாள். வீடியோவில் பார்த்ததுதான், இந்தக் காரும் அதைப் பார்த்ததா என்ன? இசபெல்லின் டார்ச்சை வாங்கி, மூடியின் விளிம்போடு வெளிச்சத்தை ஒரு சுற்றுக் கொண்டுபோனாள். வெள்ளைக் கடதாசித் துண்டால் பின்பக்கம் வரை ஒற்றி எடுத்தாள். கடதாசியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

வெள்ளை. ஒரு புள்ளி இல்லை.

அதைத் துஷாந்தனின் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஸ்பானர் மெல்ல வெளியே வந்தது. பிறகு ஏதாவது நடந்தால் தான் பொறுப்பில்லை என்று முணுமுணுத்தான். போன மாதம் மட்டும் பொறுப்பாகவா இருந்தாய் என்று இசபெல் கேட்டாள். வான் புறப்பட்டுப் போனது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. றூபினி பானெட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புகை மெலிந்தது. நூலானது. பிறகு காணவில்லை. நாற்றம் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

தர்மலிங்கத்திடம் கடைசியாக ஒரு துருப்புச் சீட்டு இருந்தது.

"எல் போர்டு. தனிய ஓட்டேலாது. பக்கத்திலை லைசன்ஸ் உள்ள ஆள் இருக்கவேணும். நான் வரேல்லை."

"உங்களை ஆர் கூப்பிட்டது?" என்றாள் றூபினி.

இசபெல் முன் இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணை, எண்பது பேரை ஏத்திக்கொண்டு லண்டனைச் சுத்துறனான். இவள் ஒருத்தியைப் பாக்க எனக்கு ஏலும்."

தேர்வு நிலையத்தில் இசபெல் இறங்கிக்கொள்ள, உயரமான ஒரு வெள்ளைக்காரர் வந்தார். முகத்தில் எதையும் வாசிக்க முடியாத ஆள். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கைச் சுருக்கினார். அவர் கேட்ட முதல் கேள்வியே வழமையான கேள்விகளில் ஒன்றுதான்: பானெட்டைத் திற, எஞ்சினில் போதிய எண்ணெய் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய், சொல்.

றூபினி திறந்தாள். எண்ணெய் அளக்கும் கம்பி எங்கே, இரண்டு குறிகளுக்கு நடுவே எண்ணெய் எங்கே நிற்க வேண்டும், சொன்னாள். அவர் பார்வை பளபளத்த மூடியில் நின்றது. எண்ணெய் மணக்கிறதே என்றார். இன்று காலை கேஸ்கட் மாற்றினேன், குழாயில் கிடந்த பழைய எண்ணெய் மணம் அது என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். யார் மாற்றினார் என்றார். நான்தான் என்றாள். நகங்களுக்குள் கறுப்பு அப்பியிருந்த கைகளை அவள் மறைக்கவில்லை.

அவர் குனிந்து, விளிம்பைச் சாவகாசமாகப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"Okay," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நாற்பது நிமிடம் கழித்து அதே முகத்தோடு இறங்கினார். சின்னப் பிழைகள் இரண்டு, பாஸ் என்றார்.

இசபெல் ஓடி வந்து கட்டிப் பிடித்தாள். எல் போர்டுகளை இருவரும் பிய்த்துப் பின் இருக்கையில் எறிந்தார்கள். இனி இசபெல் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் இல்லை. அப்போ நான் பஸ்ஸிலை போகட்டோ என்று கேட்டுக்கொண்டே அவள் ஏறி உட்கார்ந்தாள்.

லண்டன் ரோட்டில் திரும்பும்போது போன் அடித்தது. இசபெல் எடுத்தாள். தர்மலிங்கம்தான். எங்கே நிற்கிறீர்கள், வந்து ஏற்றவா என்று கேட்டார்.

"அவா இப்ப கதைக்கேலாது அண்ணை. ஓட்டிக்கொண்டிருக்கிறா."

வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவாளாம் என்று அவர் அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இசபெல் போனைக் கையால் பொத்திக்கொண்டு றூபினியைப் பார்த்தாள்.

றூபினி கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள். வீட்டுக்குப் போகும் தெருவைத் தாண்டி, தங்கை வீட்டுப் பக்கம் காரைத் திருப்பினாள்.

"கதைச்சு முடிஞ்சாப் பிறகு வாறன் எண்டு சொல்லு."