ஃபார்மட் பண்ணின கார்டு

கேமராவின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் தொடக்கூடாது என்று ஊருக்கே பாடம் எடுப்பவள் நான். அப்போது படம் மெமரி கார்டில் பதிவாகிக்கொண்டிருக்கும், பேட்டரி போனால் கார்டில் உள்ள படங்களே கெட்டுப்போகும். அன்று அக்காவின் அலறல் கேட்டதும், விளக்கு சிமிட்டும்போதே கேமராவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பேட்டரி தனியே தெறித்து விழுந்தது.

அக்கா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுப்பதுதான் என் வேலை. அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாளே மேனேஜர் அறிக்கை எழுதிவிட்டார்: மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை அன்று வேலைக்கு வந்ததும் அவளே கழற்றினாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை மெதுவாகிறது என்று போன வாரமே தடுப்பைக் கழற்றச் சொன்னவர் அவர்தான். விபத்துக்கு அரைமணி முன்னால், அக்கா வேலைக்கு வருவதற்கும் முன்பே, அந்த மெஷினை நான் படம் எடுத்திருந்தேன். ஆனால் தொழிற்சாலையில் கேமராவை ஆன் செய்தால், கார்டில் கோளாறு, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தப் போனேன். பின்னாலிருந்து வந்த மேனேஜர் கேமராவைப் பிடுங்கி, சரி என்று அழுத்தினார்.

“பாத்தியா, ஒரு நிமிஷ வேலை. இப்போ தடுப்பு மாட்டியிருக்கு. போய் மெஷின படம் எடுத்துட்டு வா, அறிக்கையோட வைக்கணும்.”

மனுஷன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எல்லாம் அழிந்துவிட்டதாக நினைத்துவிட்டார். கேமராவில் ஃபார்மட் செய்தால் பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான். பக்கங்கள் உள்ளேயே இருக்கும். அவற்றின்மேல் புதுப் படம் எழுதினால்தான் போச்சு. அவர் எடுக்கச் சொன்ன அந்த ஒரு படம் போதும், எல்லாவற்றையும் நாசமாக்க.

அவர் திருப்பி நீட்டிய கேமராவிலிருந்து கார்டை வெளியே எடுத்தேன். ஓரத்திலிருந்த சின்னப் பூட்டை நகத்தால் தள்ளினேன். இனி யாராலும் அதில் எழுத முடியாது.

“எடுக்க மாட்டேன் சார்.”

வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். கார்டு கம்பெனியுடையது என்று கத்தினார். அக்காவின் விரல் யாருடையது என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தேன்.

வீட்டில் கார்டு ரீடரில் போட்டு, முதலில் கார்டை முழுசாக நகலெடுத்தேன். பிறகு அந்த நகலில் மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அக்கா கட்டுப்போட்ட கையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்தன. மெஷின் படம் மட்டும் பாதிதான். கீழே வெறும் சாம்பல் நிறம். மேல் பாதியில் தடுப்பு மாட்டுகிற நான்கு திருகு ஓட்டைகளும் காலியாக இளித்தன. நேரமும் தேதியும் பத்திரமாக இருந்தன. என் அவசரத்தால் மீதி போயிற்றே என்று அழுதேன்.

“அழாத. இதையே பெருசா பிரிண்ட் போடு. நானே எடுத்துட்டுப் போறேன்,” என்றாள் அக்கா.

விபத்தை விசாரிக்க வந்த அரசு அதிகாரி படத்தை மேஜைமேல் விரித்து, அந்த ஓட்டைகளையே வெகுநேரம் பார்த்தார். மேனேஜர் விடவில்லை. பாதிப் படத்தை வைத்து என்ன நிரூபிக்க முடியும், மீதிப் பாதி எங்கே என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். கட்டை மெதுவாக அவிழ்த்தாள். மூன்று விரல் மிஞ்சிய கையை அந்தச் சாம்பல் நிறத்தின்மேல் விரித்து வைத்தாள்.

“மீதி இங்க இருக்கு சார். பாத்துக்கோங்க.”