நடுவில் பசை விட்ட உத்தரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த வழி வெட்கக்கேடானது. பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காப்பி டம்ளர் எடுக்கப் போன நான் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். பாதி புரியவில்லை, எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். புரிந்த பாதி இது.

பாலவனத்தத்தில் பருத்தி வெடித்துச் சிரித்த அந்த 1992ஆம் ஆண்டு—

(வேண்டாம். அது சித்திரை மாதம். காட்டில் கருவேலம்தான் நின்றது.)

2

பெண் தங்கலட்சுமி ஒன்பதாவதோடு நின்றவள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பத்து பாஸ் என்று சொல்லியிருந்தார்கள்.

"படிச்ச பிள்ளைதான் வேணும்னாக. கேட்டா தலைய ஆட்டு, வாயத் தொறந்துறாத" என்று அடுப்படியில் அவள் அம்மா கனகலட்சுமி சொல்லி அனுப்பினாள்.

மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன் கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்பவன். இருவரும் பேசட்டும் என்று உள்ளறையில் விட்டார்கள். அவனுக்குப் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தகடுகள அடுக்கிப் பசை வச்சு ஒட்டுன உத்தரம்.* நடுவுல பசை விட்டுப் பிரிஞ்சுட்டா வெளிய தெரியாது. இந்தா, இப்பிடி."

கைகளைக் கூப்பினான். விரல்நுனியும் மணிக்கட்டும் ஒட்டியிருக்க, உள்ளங்கைகளுக்கு நடுவே இடைவெளி.

எட்டிப் பார்த்த அத்தை முத்துப்பேச்சி கூவினாள்: "அடியே, மாப்பிள்ளை இப்பவே கும்புடுறாருடி! பொழைச்சுக்கிருவ."

வெளியே சிரிப்பு அடங்கியதும் அவன் தொடர்ந்தான். "தட்டிவிட்டா அது ஆடுற விதம் மாறும். அத வச்சே உள்ள எங்க விட்டிருக்குன்னு கண்டுபிடிச்சிரலாம். பிரிக்கவே வேண்டாம்."

தங்கலட்சுமி கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள்.

(அவன் அவள் கண்களை ஊடுருவி— என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் தரையைத்தான் பார்த்தான்.)

* வீட்டு உத்தரம் இல்லையாம். விமான இறக்கைக்குள் இருப்பதாம்.

3

"ஒண்ணு சொல்லவா? எங்க சார்கிட்டகூடச் சொல்லல." அவன் குரல் இறங்கியது. "பசை விட்ட எடத்துல ரெண்டு தகடும் ஆடுறப்போ முட்டிக்கும். அதச் சேத்தா கணக்கு முடிய மாட்டேங்குது. அதனால, ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போகுதுன்னு வச்சுக்கிட்டேன். நெசத்துல அப்படி நடக்காது. வெக்கமா இருக்கு."



"பத்து படிச்சவுக, புரிஞ்சுக்கிருவீகன்னுதான் சொன்னேன். புரியுதுல்ல?"

4

முடிவு ஒன்று: தலையாட்டுகிறாள். தட்டு மாற்றிக்கொள்கிறார்கள்.

முடிவு இரண்டு: "நான் ஒம்பதுதான்" என்கிறாள். அவன்—

(எழுந்து போனால் கனகலட்சுமியின் முகத்தை நான் எழுத வேண்டும். சிரித்து மன்னித்தான் என்றால், கதை முடிவதற்காக இருவரையும் முட்டாமல் புகுந்து போகவிட்டவள் ஆவேன்.)

நிஜத்தில் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அவன் அப்படிக் கேட்டதும் டம்ளர்களோடு ஓடிவிட்டேன்.

அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். அவள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். தலையாட்டுவதோ, வாய் திறப்பதோ, உங்கள் இஷ்டம். அதற்குமுன் ஒருமுறை நிமிர்ந்து அவன் முகத்தைப் பாருங்கள். அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.