பூனையின் இருபத்தெட்டாவது கோபம்

முன்பெல்லாம் ஒரு பையன் இன்னொரு பையனின் மூக்கில் குத்தினால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயர் குத்து. தலைமையாசிரியர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அது 'எல்லை மீறிய உணர்வு வெளிப்பாடு' ஆகிவிட்டது. மூக்கில் ரத்தம் மட்டும் பழைய மாதிரியே வந்தது.

பயிற்சியிலிருந்து அவர் ஒரு தடித்த ஃபைலையும் ஒரு மெல்லிய குரலையும் கொண்டுவந்திருந்தார். உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறைக்கு நீலச் சாயம் பூசி, ஒரு சோபாவும் ஒற்றை மீன் உள்ள தொட்டியும் வைத்து, 'அமைதி அறை' என்று பலகை மாட்டினார். மதிய இடைவேளையில் அதற்குப் பொறுப்பு விளையாட்டு ஆசிரியர். இருபது வருடமாகக் கத்தியும் ஊதியும் பிழைத்தவர், பள்ளி முழுக்க விசில் என்றே பெயர். மைதானத்தில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால் அவர்தான் சும்மா இருந்தார்.

அறைக்கு ஒரு பதிவேடும் உண்டு. வந்த காரணம், வரும்போது முகம், போகும்போது முகம். முகங்கள் ஐந்து, அழுமூஞ்சியில் ஆரம்பித்து இளிப்பில் முடியும். காரணங்கள் நான்கே நான்கு: கோபம், அழுகை, சண்டை, கீழ்ப்படியாமை.

முதல் நாளே வந்தவள் பூனை. ஒன்பதாம் வகுப்பு. நடந்தால் சத்தம் கேட்காது, பேசினால் அதுவும் கேட்காது. சோபாவில் உட்கார்ந்தாள். விசில் பேனாவின் மூடியைக் கழற்றுவதற்குள் தூங்கிவிட்டாள். மணி அடித்ததும் பதறி எழுந்தாள்.

"மன்னிச்சிருங்க சார். அம்மாவுக்கு ராத்திரி வேலை. வீட்ல ரெட்டைத் தம்பிங்க. ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன் எழுப்பிவிடுவான்."

"சரி சரி, நாளைக்கும் வா."

காரணம் எழுத வேண்டுமே! தூக்கத்துக்கு அங்கே இடமில்லை. காலியாக விட்டால் சாயங்காலம் தலைமையாசிரியர் பிடித்துக்கொள்வார். வரிசையில் முதலில் இருந்த கோபத்தில் ஒரு டிக் போட்டார் விசில். மறுநாளும் போட்டார். அப்புறம் கை பழகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் பதிவேடு விரிந்து கிடந்தது.

"இருபத்தேழு தடவை! பள்ளிக்கூடத்துலயே பெரிய கோபக்காரி யாருன்னா இந்தப் பொண்ணுதான்."

"சார், அது வாயில்லாப் பூச்சி..."

"அதான் ஆபத்து. எல்லாத்தையும் உள்ளுக்குள்ள அடக்கி வெச்சிருக்கு." மெல்லிய குரல் தேன் மாதிரி இறங்கியது. "வியாழக்கிழமை ஆய்வுக்குக் கல்வி அதிகாரி மேடம் வர்றாங்க. இவ கோபமா உள்ள வரணும், அஞ்சாவது முகத்தோட வெளிய போகணும். அப்படி மாறலைன்னா நம்ம அறைக்கு அடங்காத கேஸ்னு அர்த்தம். வேற பள்ளிக்கூடம் பார்த்துக்கச் சொல்லிடலாம்."

உண்மையைச் சொல்ல விசில் வாயைத் திறந்தார். பொய்ப் பதிவு என்றால் தன் வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்தார். திறந்த வாயால் "சரிங்க சார்" என்றார்.

புதன்கிழமை ஒத்திகை நடந்தது.

"கையை ஓங்கும்மா."

"யார் மேல சார்?"

"என் மேலதான்."

"நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"சரி, உன்னைத் தூங்க விடாத தம்பிங்களை நினைச்சுக்கோ."

பூனையின் முகம் மலர்ந்தது. "சின்னவனுக்குப் பல் முளைக்குது சார்!"

"கதவையாவது ஓங்கிச் சாத்து."

சாத்தினாள். அவள் சாத்திய வேகத்தில் கதவு பாதியிலேயே நின்றுவிட்டது.

வியாழக்கிழமை மதியம் மேடம் வந்தார். விடிவதற்கு முன் கிளம்பி, ஏற்கெனவே இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். பூனை உள்ளே வந்து, கடன் கேட்பவளைப் போல, "நான் ரொம்பக் கோபமா இருக்கேன்" என்றாள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா," என்றார் தலைமையாசிரியர்.

"ரொம்பக் கோபமா இருக்கேன் சார்."

"இன்னும் சத்தமா!"

மூன்றாம் முறை அவள் உதடு மட்டும்தான் அசைந்தது. மூன்று நாள் பயிற்சி ஒரே நொடியில் பறந்துபோனது.

"கோபப்படக்கூடத் தெரியாதா உனக்கு? இருபத்தேழு நாள் கோபப்பட்டியே! இன்னிக்கு என்ன கேடு? இந்தப் பள்ளிக்கூடத்துல இனி உனக்கு இடமே கிடையாது!"

மீன் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. விசிலின் கை பழக்கதோஷத்தில் கழுத்துக்குப் போனது. ஊதினார். ஃபவுல் ஆடியவரை நிறுத்துகிற ஊதல். தலைமையாசிரியர் வாய் திறந்தபடியே நின்றார். ஊதிவிட்ட பிறகு பயப்பட என்ன இருக்கிறது?

"இந்தப் பொண்ணு ஒரு நாள்கூடக் கோபப்படலை மேடம். தூங்குச்சு. தூக்கத்துக்குப் பதிவேட்டுல இடமில்லை. கோபம்னு எழுதினது நான்."

மேடம் சோபாவைப் பார்த்தார். "இதுலயா தூங்கினா?" உட்கார்ந்தார். சற்றே சாய்ந்தார்.

நிலைமையைச் சமாளிக்கத் தலைமையாசிரியர் மெல்லிய குரலைத் தேடி எடுத்துக்கொண்டு நாற்பது பக்க அறிக்கையை வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் மேடத்தின் தலை சரிந்தது. மூன்றாம் பக்கத்தில் குறட்டை வந்தது.

பூனை ஓசையில்லாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பிறகு பதிவேட்டை நீட்டி, "மேடம் வரும்போது எந்த முகம் சார்?" என்றாள்.

"ரெண்டு," என்று முணுமுணுத்த விசில், ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் கிழித்து 'தூக்கம்' என்று எழுதினார். தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். குரலை உயர்த்த வழியில்லை.

அரை மணி கழித்து எழுந்த மேடம் பதிவேட்டை வாங்கினார். தன் பெயருக்கு நேரே ஐந்தாவது முகத்தை வட்டமிட்டார். பக்கங்களைப் புரட்டி, இருபத்தேழு கோபங்களையும் ஒவ்வொன்றாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பொண்ணு இங்கயே படிக்கட்டும். தினமும் தூங்கட்டும்," என்றார். விசிலிடம் திரும்பி, "நீங்க இனிமே உள்ளதை எழுதுங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் 'இமைமூடிய கவனக் குவிப்புத் திட்டம்' ஒன்றை அறிவித்தார். பல மாதங்களாகத் தன் சிந்தனையில் இருந்ததாம். அன்று மதியம் பூனை அறைக்குப் போனபோது சோபாவில் அவரே மல்லாந்து கவனம் குவித்துக்கொண்டிருந்தார்.

பூனை சற்று நேரம் நின்றாள். பிறகு கதவை ஓங்கிச் சாத்தினாள். பலகை கழன்று விழுந்தது.

"சார்! எழுந்திரிங்க! இது என் நேரம்!"

கட்டட வேலைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, விசில் பதிவேட்டை விரித்து, உள்ளதை உள்ளபடி, முதல் கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.