இரண்டு விளக்கும் அணையும் நேரம்

ராத்திரி ஒரு மணி ஆனால் சங்குவனுக்குக் கண் திறந்துகொள்ளும். அலாரமும் வேண்டாம், சேவலும் வேண்டாம். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உடம்பு அது. வெயில் ஏறினால் பால் ஓடாது, ஆகவே ஒரு மணிக்கே எழுந்துகொள் என்று பழக்கி வைத்த உடம்பு. 'முட்டி உடைந்து கிடக்கிறாய், இனிமேலாவது தூங்கு' என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது? சொன்னாலும் கேட்டுவிடப் போகிறதா?

கண் விழிப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கூடவே மனசும் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். முட்டி சரியாகாவிட்டால் என்ன செய்வது, மழை முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும். அந்த இடத்துக்குப் பெயர் விசித்.

பக்கத்தில் படுத்திருக்கும் லமுன் எழுந்திருப்பாள். உடனே சங்குவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு குறட்டை விடுவான். அவள் கொசுவர்த்தி டப்பாவை இடுப்பில் கட்டி, தலைவிளக்கை மாட்டி, வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அவனுடைய கத்தி அது. பிடியில் அவன் கட்டைவிரல் பதிந்து பள்ளமே விழுந்திருந்தது. கதவு சாத்தியதும் குறட்டையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போவான்.

வீட்டுக்குப் பின்னாலேயே மலைச்சரிவு, சரிவு முழுக்க அவர்கள் தோட்டம். இருட்டில் லமுனின் விளக்கு மரத்துக்கு மரம் நின்று நின்று ஏறும். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு விளக்கு தெரியும். அது விசித்தின் விளக்கு. முப்பத்தெட்டு வயது, வெள்ளை வெளேர் என்று பல். பெண்டாட்டி மலேசியாவில் ஒரு தொம்யாம் சூப்புக் கடையில் சமையல் செய்கிறாள், வருடத்துக்கு இரண்டு தடவைதான் வருவாள். 'தம்பி, அக்கா தனியா வெட்டுறா, கொஞ்சம் பாத்துக்க' என்று அவனிடம் சொன்னது வேறு யாருமில்லை, சங்குவனேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

இவள் ஒரு 'ஊவ்' போடுவாள், அவன் ஒரு 'ஊவ்' போடுவான். ராத்திரியில் மரம் வெட்டுகிறவர்களுக்குள் அது வழக்கம்தான். பாம்பு கடிக்கவில்லை, பள்ளத்தில் விழவில்லை, உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் அங்கே இருப்பது ரப்பர் திருடனாக இருக்கும், இல்லை காட்டுப்பன்றியாக இருக்கும். இருபத்தாறு வருடம் லமுனின் 'ஊவ்'வுக்குப் பதில் சொன்னது சங்குவனின் தொண்டை. இப்போது வேறொருத்தன் தொண்டை சொல்கிறது.

ஆனால் தாங்கவே முடியாதது மூன்று மணிக்கு நடப்பதுதான். வேலியோரப் பாறைக்கு இரண்டு விளக்கும் வந்து சேரும். சேர்ந்ததும் இரண்டும் ஒன்றாக அணையும். கால் மணி நேரம் மலை முழுக்க இருட்டு.

ஏன் அணைகிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? சோறு தின்னும்போது விளக்கு எரிந்தால் பூச்சியெல்லாம் சோற்றில் விழும். அவனே முப்பது வருடம் அப்படி அணைத்தவன்தான். ஆனால் அந்தப் பாறையைப் பற்றி அவனுக்கு இன்னொன்றும் தெரியும். கல்யாணமான புதிதில் அவனும் லமுனும் அதே பாறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்த ராத்திரிகள் எல்லாம் சோற்றோடு முடிந்துவிடவில்லை. அவர்களுடைய இரண்டாவது பெண்ணைக் கேட்டால் சொல்லமாட்டாள், பாறையைக் கேட்டால் சொல்லும். பகலில் நினைத்தால் சிரிப்பு வருகிற விஷயம், ராத்திரி மூன்று மணிக்கு நினைத்தால் நெஞ்சில் நெருப்பை வைத்தது.

இப்படியே ஏழு வாரம் ஓடிற்று. கட்டுப் பிரித்து, கைத்தடியோடு நடக்கச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை டாக்டர் பார்த்து, மேட்டில் ஏறலாமா கூடாதா என்று சொல்லுவார். ஏறலாம் என்று சொன்ன அன்றைக்கே கத்தியைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று சங்குவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஊர்ச் சுகாதாரத் தொண்டர் பயோம் ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். முள் ஏறியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னண்ணே இது, மலை ஏறி எறங்குனவன் மாதிரி இருக்கு. தூங்குறீங்களா இல்லையா?"

"ஒரு மணிக்கு முழிப்பு வந்துருது. அப்புறம் விடியிற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டுக் கெடக்கேன்."

"கெடக்காதீங்க. அதான் தப்பு. தூக்கம் வராம படுக்கையில பொரண்டா மனசு கண்டதையும் நெனைக்கும். எந்திரிச்சு வந்து ஏதாவது சின்ன வேலை பாருங்க. மணியப் பாக்காதீங்க. போனத் தொடாதீங்க. கண்ணச் சொருகுனா மட்டும் படுங்க."

"என்ன வேலை பாக்குறது அந்நேரத்துல?"

"வெங்காயம் உரிங்க. அக்கா சந்தோசப்படும்" என்று சிரித்துவிட்டுப் பயோம் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு ராத்திரி சங்குவன் ஒழுங்காக அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். மூச்சை எண்ணிப் பார்த்தான். நூற்றுப் பத்தாவது மூச்சில் ஜன்னலைப் பார்த்தான். இரண்டு விளக்கும் பாறையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. எழுந்து சின்ன வேலை பார் என்றுதானே சொன்னாள்? இதுவும் ஒரு வேலைதான் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு கைத்தடியை எடுத்தான். விளக்கை எடுக்கவில்லை.

விளக்கில்லாமல் தோட்டத்தில் நடக்கக் கூடாது என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். விளக்கில்லாமல் வருகிறவன் திருடன். விசித்திடம் பன்றிக்காக வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று உண்டு. அதுவும் சங்குவனுக்குத் தெரியும். பொறாமை பிடித்தவனுக்குத் தெரிந்தது எதுவும் கைகொடுக்காது. ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டு, முட்டி இழுக்க, மேலே ஏறினான். எந்த மரம் எங்கே நிற்கிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. பாறைக்குப் பத்தடி கீழே, ஒரு மரத்துக்குப் பின்னால் குந்தினான். விளக்குகள் அணைந்தன.

முதலில் சோற்றுப் பொட்டலம் பிரிகிற சத்தம். பிறகு விசித்தின் குரல்.

"அக்கா, மீனா?"

"கானாங்கெளுத்தி. முள்ளப் பாத்துத் தின்னு. தொண்டையில மாட்டுனா இந்நேரத்துல உன்னைத் தூக்கிட்டு ஓட என்னால ஆகாது."

அவன் சிரித்தான். லமுனும் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்துச் சங்குவன் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் கை தடியை நெரித்தது.

"அண்ணனுக்கு இப்ப தூக்கம் வருதாக்கா?"

"எங்கடா வருது? எனக்கு முன்னாடியே முழிச்சுக்கிறாரு. நா எந்திரிச்சதும் கொர்ரு கொர்ருன்னு ஒரு கொறட்டை. நெசமா தூங்குறப்ப அந்த மனுசன் கொறட்டையே விடமாட்டாரு. இருபத்தாறு வருசமா பக்கத்துல படுக்குறேன், எனக்குத் தெரியாதா?"

இருட்டில் சங்குவனின் முகம் சூடேறிற்று.

"பாவம்க்கா. கூட்டிட்டு வாங்களேன். சும்மா இந்தப் பாறையில ஒக்காந்திருக்கட்டும்."

லமுன் மீன் முள்ளைத் துப்புகிற சத்தம் கேட்டது.

"வேணாம்டா."

"ஏங்க்கா?"

"வந்தா சும்மா ஒக்கார மாட்டாரு. கத்தியக் கேப்பாரு." குரல் தாழ்ந்தது. "இத்தன வருசமும் அவரு முதுகப் பாத்துக்கிட்டேதான் இந்த மேட்ல ஏறுனேன். அவரு வெட்டுவாரு, நா பின்னாடியே பால் பிடிக்கிற செரட்டையத் தொடச்சு வச்சிக்கிட்டே போவேன். நல்ல மரத்துல ஒரு நாள் கத்தி வைக்க விட்டதில்ல. உனக்குக் கை கனம், பட்டையக் கிழிச்சிருவேம்பாரு. இப்ப ஏழு வாரமா நாந்தான் வெட்டுறேன். எந்த மரமாவது கிழிஞ்சிருக்கா, நீயே சொல்லு?"

"யார் வெட்டுனாலும் இப்படி வராதுக்கா. நா பொய் சொல்லல."

"வியாழக்கெழம டாக்டரு பாக்குறாரு. முட்டி சரியாயிட்டா கத்தியக் குடுத்துரணும். அத நெனச்சா எனக்கும் தூக்கம் போயிருது. அவரு அந்தப் பக்கம் தூங்குற மாதிரி நடிக்கிறாரு, நா இந்தப் பக்கம் நடிக்கிறேன். போன வாரம் கோயிலுக்குப் போனேன். அவரு முட்டி சரியாகணும்னு வேண்டிக்கத்தான் போனேன். வாய் வரலடா. ஊதுபத்திய மட்டும் ஏத்தி வச்சிட்டுத் திரும்பிட்டேன். பாவிதானே நான்?"

சங்குவன் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தான். இவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால்கூட என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஏழு வாரமாக அதற்குத்தான் வசனம் தயாரித்து வைத்திருந்தான். காலை மாற்றி வைத்தான். கைத்தடி வழுக்கிச் சருகில் சரிந்தது.

பாறையில் பேச்சு நின்றது.

"ஊவ்!" என்றாள் லமுன்.

பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பெண்டாட்டியை வேவு பார்க்க வந்தவன் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் திருடன். துப்பாக்கியின் குதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஊவ்!" இரண்டாவது தடவை. அவள் குரலில் பயம் இருந்தது.

அந்தப் பயம் கேட்டதும் அவனுக்கு வாய் திறந்தது. ஆனால் தொண்டை வறண்டு காற்றுத்தான் வந்தது. லமுனின் விளக்கு எரிந்தது. வெளிச்சம் சருகுமேல் ஓடி, கைத்தடியில் நின்று, மரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் முட்டியில் ஒரு கணம் தங்கிற்று.

"சுடாதடா" என்றாள். "பன்னிதான். கெழட்டுப் பன்னி. வெடிமருந்த வீணாக்காத."

வெளிச்சம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சங்குவன் முகத்தைச் சருகோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு விளக்கும் எதிர் எதிர்த் திசையில் போகிற வரைக்கும் அசையாமல் கிடந்தான்.

வெளுக்க ஆரம்பித்தபிறகுதான் கீழே இறங்கினான். இறங்குகிற வழியில் அவள் வெட்டிய மரங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குற்றம் கண்டுபிடிக்கிற மாமியாரைப்போல மரம் மரமாக நின்று தடவிப் பார்த்தான். வெட்டு மெல்லிசு. அவனுடைய வெட்டைவிட மெல்லிசு. இப்படி வெட்டினால் பட்டை இன்னும் ஐந்து வருடம் கூடத் தாங்கும். விசித் பொய் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு மரத்தில் ஆழமான காயம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. அப்பாடா என்று அவனுக்கு மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. காயம் பழையது, விளிம்பு மூடி ஆறியிருந்தது. போன வருடம் அவனே போட்ட காயம்.

ஏழு வாரமாக விசித்தின் பல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், இப்போது லமுனின் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். இது அதைவிட ஆழமாக இறங்கிற்று.

லமுன் பால் வாளிகளோடு வீடு வந்தபோது அவன் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். தலையில் ஒட்டிய சருகை எடுத்துவிட்டான். கால்சட்டையில் அப்பிய சேற்றை மறந்துவிட்டான். அவள் கை கழுவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். சேற்றைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இருந்தீங்க அங்க?"

"பொட்டலம் பிரிச்சதுலேருந்து."

அவள் காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கோபிப்பாள், அழுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் கேட்டது வேறு.

"முட்டி எப்படி இருக்கு?"

இருட்டில் மேடேறி இறங்கி வந்திருக்கிற முட்டி. மடக்கினால் மடங்கிற்று, நீட்டினால் நீண்டது. அது இரண்டு பேருக்கும் தெரியும். கத்தி மேசைமேல், இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுக்க வேண்டும்போல அவனுக்கு விரல் துடித்தது.

"நல்லாயிருச்சு" என்றான். பொய் சொல்லத் தோன்றவில்லை. லமுனின் முகம் ஒரு கணத்தில் வாடியதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "கத்தி உங்கிட்டயே இருக்கட்டும். நா பாத்தேன், ஒவ்வொரு மரமா. எனக்கு அந்த மாதிரி வராது."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. லமுன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், மனசு மாறிவிடுவானோ என்று காத்திருப்பதைப்போல. அவன் மாறவில்லை. அவள் கத்தியை எடுத்து, துணியால் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு மணிக்கு நெசமா எந்திரிங்க" என்றாள். "சும்மா வர வேணாம், சோத்துப் பொட்டலத்தத் தூக்கிட்டு வாங்க. மேட்ல முன்னாடி நாந்தான் நடப்பேன்."