இடப்பக்கம் எரிந்த விளக்கு

மாத்தளையில் வாகன மின்வேலை செய்யும் ராஜநாயகம், ஷிஹாமின் கெப் வண்டிக்குப் பின்னால் பூட்டியிருந்த டிரெய்லரிலிருந்து தொங்கிய விளக்குப் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஷிஹாம் நானா, இது ஏழு பின் வட்டப் பிளக்கு. ஒங்க கெப்ல இருக்கிறது நாலு பின் சொக்கட். ரெண்டும் சேராது. நடுவுல போடுற கனெக்டர் கண்டியிலருந்து வரணும். நாளன்னைக்கு வாங்க."

"நாளைக்குக் காலையில தக்காளி ஏத்தணும் அண்ணே. பிளக்க வெட்டிட்டு, நிறத்துக்கு நிறம் வயர முறுக்கிட்டாப் போச்சு."

"நிறத்த நம்பாதீங்க. கெப் செஞ்சவன் ஒரு மாதிரி போட்டிருப்பான், டிரெய்லர் செஞ்சவன் வேற மாதிரி. ஒவ்வொரு வயரா சோதிச்சித்தான் கட்டணும்."

"ஒங்ககிட்ட வந்தா வயர் வேலையும் கல்யாணப் பேச்சு மாதிரி இழுபடும்!" என்று சிரித்தபடி ஷிஹாம் வண்டியை எடுத்தான்.

நாவுலயில் வீட்டு முற்றத்திலேயே பிளக்கை வெட்டி, ஒரே நிற வயர்களை முறுக்கி, டேப் சுற்றினான். மனைவி ஜஸ்லா டிரெய்லருக்குப் பின்னால் நின்றாள்.

"வலது சிக்னல் போட்டேன். எரியுதா?"

"எரியுது. ஆனா இடது பக்கம் எரியுதுங்க."

"எதிர்ல நின்னு பாக்கிறவ மாதிரி மாத்திச் சொல்ற."

"நான் பின்னாலதானே நிக்கிறேன்? சோறு திங்கிற கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

இறங்கி வந்து பார்த்தான். அவள் சொன்னது சரிதான். சுற்றிய டேப்பை மறுபடி பிரிக்க அவனுக்கு அலுப்பாக இருந்தது. "கனெக்டர் வந்ததும் மாத்திருவம்" என்று அவள் கன்னத்தைத் தட்டினான். அவளும் சிரித்துவிட்டாள்.

இங்கே வீதியில் ஒரு வழக்கம் உண்டு. பாரம் ஏற்றி மெதுவாகப் போகும் வண்டி இடது சிக்னல் போட்டால், பின்னால் வருபவனை முந்திப் போகச் சொல்கிறது என்று பொருள். அது ஷிஹாமுக்கும் தெரியும்.

மறுநாள் காலை, பெட்டிகள் அடுக்கிய டிரெய்லருடன் மாத்தளைக்குப் போகும் வழியில், இன்னொருவர் தோட்டத்துத் தக்காளியையும் ஏற்றுவதற்காக வலப்பக்கக் கிளைப் பாதையில் திரும்ப வேண்டியிருந்தது. வலது சிக்னல் போட்டான். டிரெய்லரில் இடது விளக்கு மின்னியது. கெப்பின் பின் விளக்குகளை டிரெய்லர் மறைத்திருந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வஹகோட்டை ஊர்க்காரன் ரொமேஷ், வழி கிடைத்ததென்று நம்பி வலப்பக்கமாக முந்தினான். அதே கணத்தில் ஷிஹாம் வண்டியை வலப்பக்கம் திருப்பினான். மோட்டார் சைக்கிள் கெப்பில் மோதியது.

"பொடியன் வேகமா வந்து அடிச்சிட்டான்" என்று பொலிஸில் ஷிஹாம் வாக்குமூலம் கொடுத்தான். ஜஸ்லா அதன் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரொமேஷின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்க முடியாமல், அவன் மனைவி கெத்தரின் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"நானா," ரொமேஷின் குரலில் கோபமே இல்லை. "நான் வேகமா வந்தேன்னு எழுதியிருக்காங்களாம். நீங்கதானே போகச் சொன்னீங்க? இடது சிக்னல் போட்டீங்களே! அதுக்கு நன்றி சொல்லி ஹோர்னும் அடிச்சேனே. கேக்கலயா?"

ஷிஹாமுக்குக் கேட்டிருந்தது. யாருக்கோ அடிக்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

கெத்தரின் அப்போதுதான் திரும்பினாள். "காலும் போய், பழியும் இவருக்கா நானா?"

ஷிஹாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பிழை என்னோடது, தங்கச்சி. சிக்னல் மாறி எரியுதுன்னு மொத நாளே எனக்குத் தெரியும். ஜஸ்லா சொன்னா. இப்பவே பொலிசுக்குப் போய் உள்ளதச் சொல்றேன். வண்டிக்குப் பின்னால எரியிற லைட், பின்னால வர்ற மனுசனுக்கு நாம குடுக்கிற வாக்கு. சரியான கனெக்டர் போடாம வண்டிய ரோட்டுக்கு எடுக்கிறவன், நம்பி வர்றவன் உயிரோட விளையாடுறான். நான் விளையாடிட்டேன்."

ரொமேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தான், முடியவில்லை. கெத்தரின் எழுந்து வந்து அவனைத் திருப்பிவிட்டாள்.