ஏகாம்பரம் வீட்டுக்குள் பெட்டிப் பால்

வளர்மதி பால் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

சமையலறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாமியார் பரிமளாவின் கையில் கரண்டி. புருஷன் அரவிந்தனின் கையில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

டம்ளர் உதட்டைத் தொடவில்லை. அதற்குள் வளர்மதியின் கண்கள் விரிந்தன. அரவிந்தன் பக்கெட்டை நீட்டினான். அவள் அவனையும் பக்கெட்டையும் தள்ளிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

"போச்சு," என்றாள் பரிமளா.

வளர்மதிக்கு மூன்றாவது மாதம். இட்லி தங்கவில்லை. கஞ்சி தங்கவில்லை. மாதுளம்பழம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அன்று காலை டாக்டரம்மா எடை மெஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெனிலா வாசனையுள்ள புரோட்டீன் பவுடர் டின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். "இன்னிக்குள்ள ஏதாவது வயித்துல தங்கணும். இல்லேன்னா நாளைக்குக் காலையில அட்மிஷன். டிரிப்ஸ் ஏத்திடலாம்."

டிரிப்ஸ்! வளர்மதியோ ரத்தப் பரிசோதனைக்கே நர்ஸின் கையைக் கடித்தவள்.

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. போன வாரம் ஒரகடத்தில், அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு எதிரே இருக்கும் காபி ஷாப்பில், வெனிலா புரோட்டீன் ஷேக் குடித்திருந்தாள். உயரமான கிளாஸ். மேலே நுரை. உள்ளே லேசாகக் காபி வாசம். குடித்தது அப்படியே தங்கியது! ஆனால் இப்போது வண்டியில் உட்கார்ந்தாலே அவளுக்குத் தலை சுற்றியது. அரவிந்தன் போய் பார்சல் வாங்கி வந்தான். உத்திரமேரூர் வீட்டுக்கு வருவதற்குள் அது குழந்தை குளிக்கிற தண்ணீர் சூட்டுக்கு வந்திருந்தது.

ஆக, ஷேக் இந்த வீட்டிலேயே உருவாக வேண்டும்.

"மாசமா கீறவ ஆசப்பட்டத குடுக்கலன்னா, பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்டா," என்றாள் பரிமளா.

"ம்மா, கொதிக்கற பால்ல பவுடரக் கொட்டினா ஷேக் வராது. கோந்து வரும்."

"பின்ன, ஜில்லுனு குடுத்து சளி பிடிக்க வெக்கச் சொல்றியா?"

வளர்மதி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அத்தை எதிரில் 'என்னங்க' என்பாள். தனியாக இருந்தால் 'டேய்'. இப்போது பசியில் கணக்குத் தப்பிவிட்டது.

"டேய், அங்க ஜில்லுனுதான்டா குடுத்தாங்க!"

பரிமளா காதில் விழாத மாதிரி கரண்டியைக் கழுவினாள்.

அரவிந்தன் களத்தில் குதித்தான். காலையில் காய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பால். ஐஸ். பவுடர். ஒரு கரண்டி டிகாக்‌ஷன். எல்லாவற்றையும் மிக்ஸியில் கழுத்துவரை ஊற்றி, நேராக மூன்றாம் நம்பரில் திருப்பினான்.

டமார்!

மூடி பறந்து பருப்பு டப்பாவில் மோதியது. சுவரில் பால். டியூப்லைட்டில் பால். பரிமளாவின் நெற்றிக் குங்குமத்தில் நுரை, விபூதி மாதிரி.

"இன்னாடா இது, அபிஷேகமா?"

வளர்மதி சிரித்தாள். பல நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு. மிச்சத்தை வடித்து நீட்டினான். முகர்ந்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. மறுபடி ஓட்டம்.

அரவிந்தன் அப்படியே நின்றான். ஒரு விஷயம் உறைத்தது. இரண்டு தடவையும் அவள் குடிக்கவே இல்லை. வாசனைக்கே ஓடினாள். அப்படியென்றால், குற்றவாளி யார்?

தனித்தனியாக விசாரிப்பது என்று முடிவு செய்தான்.

பவுடர் டின்னைத் திறந்து மூக்கின் கீழ் பிடித்தான். வளர்மதி முகர்ந்தாள். "நல்லா கீது." பவுடர் நிரபராதி. டிகாக்‌ஷன்? "ம்ம்ம்..." அதுவும் நிரபராதி. பவுடரைத் தண்ணீரில் அடித்துக் கொடுத்தான். ஒரு வாய் குடித்தாள். ஓடவில்லை.

"தங்கிச்சா?"

"தங்கிச்சு. ஆனா சுண்ணாம்புத் தண்ணி மாதிரி கீது. இத்த மனுஷன் குடிப்பானா?"

ஒரே ஒரு ஆசாமிதான் பாக்கி. வாசலில் கட்டியிருந்த பசு செவலை, தன் பெயர் அடிபடுவது தெரியாமல் அசை போட்டுக்கொண்டிருந்தது.

மாட்டு வாசனை! காபி ஷாப்பில் எல்லாம் இருந்தது, மாட்டு வாசனை மட்டும் கிடையாது. அங்கே ஊற்றியது அட்டைப் பெட்டிப் பால்.

அரவிந்தன் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான். காரணம், அவனுடைய நைனா. ஏகாம்பரம், பால் சொசைட்டித் தலைவர். கடைப் பால் குடிக்கிறவனைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பது மாதிரி பார்ப்பவர். சொந்தத் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தை முகர்ந்துவிட்டு, "பாக்கெட்டு" என்று ஒரே வார்த்தை சொல்லி இலையை மூடியவர். அந்த வீட்டுக்குள் பெட்டிப் பாலா?

வளர்மதி அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அரவிந்தன் வண்டிச் சாவியை எடுத்தான்.

பஜார் தெருவில் ஹபீபுல்லா பாயின் மளிகைக் கடை. நல்லவேளை, வேறு யாரும் இல்லை.

"பாய், காய்ச்சாம குடிக்கிற பெட்டிப் பால் ஒண்ணு. ஜில்லுனு."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "யாருக்கு?"

"வூட்டுக்கு."

"எந்த வூட்டுக்கு?"

"எங்க வூட்டுக்குத்தான் பாய்."

"அரவிந்தா, உங்க நைனாவுக்கு உடம்பு கிடம்பு..."

"வளருக்கு, பாய். மாசமா கீறா. பசும்பால் வாசனையே ஆவல."

பாய் வேறு பேச்சு பேசாமல் ஃபிரிட்ஜைத் திறந்தார். "பைல போட்டா தெரியும். சட்டைக்குள்ள வெச்சிக்கோ."

ஐஸ் மாதிரி இருந்த பெட்டி வயிற்றில் ஒட்டியதும் அரவிந்தன் துள்ளினான். துள்ளியபடியே வண்டியைக் கிளப்பினான். சொசைட்டிக் கட்டடத்தைத் தாண்டிவிட்டால் போதும். கேன்களோடு வரிசை நின்றது. தலையைக் குனிந்துகொண்டான். முறுக்கினான்.

"டேய் அரவிந்தா! நில்றா!"

ஏகாம்பரம் நடுரோட்டில் கையை நீட்டி நின்றார். பிரேக்.

"வூட்டுக்குத்தான போற? நானும் வரேன்," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ள இடுப்பில் கையைப் போட்டார். கை எதிலோ முட்டியது.

"இன்னாடா வயிறு இப்டி கல்லு மாதிரி கீது?"

"கேஸ் டிரபுள், நைனா."

"ஜில்லுனு வேற கீது!"

"ஜில்லு கேஸ்."

"மாசமா கீறது அவ. நீ இன்னாத்துக்கு வயித்த தள்ளிக்கினு திரியிற?"

வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஏகாம்பரம் செவலையைத் தட்டிக்கொடுக்கப் போனார். அரவிந்தன் சமையலறைக்குப் பறந்தான். சட்டையைத் தூக்கினான். பெட்டியைப் பார்த்ததும் பரிமளா வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது. பிறகு அவளே கத்திரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"சட்டுனு ஊத்து. மனுஷன் வந்துடப் போறாரு."

இந்தத் தடவை அரவிந்தன் அவசரப்படவில்லை. மிக்ஸியில் மோர் அடிக்கிற பிளேடு. பாதி ஜார் பால். நாலைந்து ஐஸ். பவுடர் இரண்டு ஸ்பூன். டிகாக்‌ஷன் வாசனைக்கு. ருசியை எடுத்துக்கொடுக்கத் துளி உப்பு. மூடியைப் பரிமளா இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். விட்டு விட்டு ஓட்டினான். நுரை எழும்பியது. ஏறியது. நின்றது!

கண்ணாடி கிளாஸில் ஊற்றினான். வளர்மதி முகர்ந்தாள். ஓடவில்லை. ஒரு வாய். ஓடவில்லை. கண்ணை மூடினாள். கிளாஸ் சாய்ந்தது, சாய்ந்தது, காலியானது. மேலுதட்டில் வெள்ளை மீசை.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். மிக்ஸியின் சூடு தணிந்தது. தெருவில் பால் கேன் சைக்கிள்கள் போய் முடிந்தன. ஒன்றும் ஆகவில்லை!

"தங்கிடுச்சு!" பரிமளா மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

வாசற்படியில் ஏகாம்பரம். பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

"அப்டிப் போடு! நம்ம செவல பாலுன்னா சும்மாவா? நாளைக்கு சொசைட்டில சொல்றேன் பாரு."

அரவிந்தன் பெட்டியை மிக்ஸிக்குப் பின்னால் தள்ளினான். வளர்மதிதான் ஆசையில் வாயை விட்டாள். "இன்னொரு கிளாஸ் கெடைக்குமா?"

"கெடைக்குமாவா? இதோ, சூடா கறந்துகினு வரேன் தாயி!" சொம்பை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். சர்... சர்... என்று சொம்பில் பால் விழுந்தது. அடுத்த நிமிஷம் நுரை பொங்கும் சொம்போடு உள்ளே நடந்தார்.

வளர்மதியின் முகம் வெளுத்தது. கையை வாயில் வைத்தாள்.

இன்னும் நாலு அடி எடுத்து வைத்தால், உள்ளே போனது மொத்தமும் வெளியே. நாளைக்கு டிரிப்ஸ்.

அரவிந்தன் குறுக்கே பாய்ந்தான். "நைனா! அங்கயே நில்லு!"

"இன்னாடா?"

"அவ குடிச்சது செவல பால் இல்ல."

பெட்டியை எடுத்து நைனாவின் முன்னால் வைத்தான். ஏகாம்பரம் சொம்பை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தார். பெட்டியை எடுத்தார். திருப்பினார். கவிழ்த்தார்.

"இதுல மாட்டுப் படம் கூட இல்லியேடா?"

"இல்ல நைனா."

மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றி நக்கினார். முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஆனது. "தூ! இத்தையா குடிச்ச?"

"மாமா, செவல பால் வாசனைக்குக் கொமட்டுது," என்றாள் வளர்மதி, மூக்கைப் பொத்திக்கொண்டே. "இதுதான் தங்குது. ஆஸ்பத்திரிக்குப் போக பயமா கீது மாமா."

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தார். பெட்டியை ஆட்டிப் பார்த்தார். சொட்டுகூட இல்லை.

"ஒண்ணுதான் வாங்கினியா? அறிவு கீதாடா உனக்கு? சாவியக் குடு!"

வண்டி உறுமிக்கொண்டு போனது. பரிமளா நம்ப முடியாமல் தெருவை எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அரவிந்தனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். பின்னணியில் பஜார் தெருவே கேட்டது.

"டேய், பாய் பச்ச பொட்டியா நீல பொட்டியான்னு கேக்கறாரு! இன்னா சொல்ல?"

"நீலம், மாமா!" வளர்மதி கத்தினாள்.

"நீலம் பாய்! ஒரு டஜன் போடு!"

போனுக்குள் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தலைவரே, உங்க வூட்டுக்கே பொட்டிப் பாலா?"

"ஆமாய்யா, என் மருமவ குடிக்கிறா! உனக்கு இன்னா பேஜாரு? தள்ளு, இத்த தூக்கி வண்டில வையி!"